கைதி போட்ட வழக்கு இடம் மாறும்போது

கலிபோர்னியாவில் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் நான்கு: வடக்கு, கிழக்கு, மத்தி, தெற்கு. அதில் ஒன்றில், வக்கீல் இல்லாமல் கைதிகள் தாங்களே எழுதிப் போடும் வழக்குகளைப் படித்து நீதிபதிக்குக் குறிப்பு தயாரிக்கும் வேலையில் இருந்தேன். பெரும்பாலும் 'பிரிவு 1983' வழக்குகள். மாநில அரசின் அதிகாரத்தைப் பயன்படுத்துபவர் நம் அரசியல் சட்ட உரிமையை மீறினால் அவர் மேலேயே வழக்குப் போடலாம் என்று 1871-ல் வந்த சட்டம்தான் அதற்கு வேர்.

கைதிகளை அடிக்கடி சிறை மாற்றுவார்கள். ஒரேகான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பெலிக்கன் பே சிறையில் நடந்ததைப் பற்றிப் புகார் சொல்பவர், அதை எழுதும்போது கோர்கரான் சிறையில் இருப்பார். தான் இருக்கிற ஊருக்கு எது கோர்ட்டோ அங்கே போடுவதுதானே யாருக்கும் தோன்றும்? கோர்கரான் கிழக்கு மாவட்டம். ஆனால் சம்பவம் நடந்த இடமும், பிரதிவாதிகளான காவலர்களும் நர்ஸும் இருக்கிற இடமும் வடக்கு மாவட்டம். சட்டம் பார்ப்பது அதைத்தான், கைதி இப்போது எங்கே அடைபட்டிருக்கிறார் என்பதை அல்ல.

தப்பான இடத்தில் வந்த வழக்கை என்ன செய்யலாம் என்று ஃபெடரல் நீதிமன்றங்களுக்கான சட்டத்தின் 1406-ஆம் பிரிவு சொல்கிறது: தள்ளுபடி செய், அல்லது நீதிக்கு உகந்தது என்றால் சரியான நீதிமன்றத்துக்கு மாற்று. "திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றுதானே தள்ளுபடி செய்கிறோம், என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது, அதுவும் கைதிக்கு மட்டும்தான். இந்த வழக்குகளுக்கான காலக்கெடுவை அந்தந்த மாநிலத்தின் உடல்காய வழக்குச் சட்டத்திலிருந்து எடுக்கிறார்கள், கலிபோர்னியாவில் அது 2 வருடம். கைதிகளுக்குச் சில சலுகைகள் இருந்தாலும், சிறையின் உள் முறையீடுகளை முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கே வர முடியும். தள்ளுபடி ஆனால் முதலில் போட்ட தேதி போய்விடும், மாற்றினால் தேதி அவரோடு கூடவே போகும்.

அப்புறம் பணம். 1996-ல் வந்த சட்டப்படி, ஏழைக் கைதியும் 350 டாலர் கட்டணத்தைத் தவணையில் கட்டியே ஆக வேண்டும். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், முந்தின மாத வரவில் 20 சதவீதத்தைப் பிடித்து அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர்கூடத் தேறாத கூலி வாங்குகிறவரிடம், கோர்ட் மாறிப் போட்டதற்காக இன்னொரு 350 கேட்பது எனக்கு நியாயமாகப் படவே இல்லை. அதனால் என் குறிப்பில் ஏறக்குறைய எப்போதும் 'மாற்றுக' என்றுதான் எழுதுவேன். நீதிபதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் உத்தரவிட்டார்கள்.

உத்தரவு ஒரு பக்கம், சில சமயம் ஒன்றரைப் பக்கம். அதில் வழக்கின் உள்ளே போகக் கூடாது. கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கும் மனுவையும், வழக்கு நிற்குமா என்று பார்க்கும் ஆரம்பப் பரிசீலனையையும் வழக்கை வாங்கிக்கொள்ளும் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். நான் மெனக்கெட்டது கடைசிப் பத்தியில்தான். 'இடமாற்றம் செய்யப்படுகிறது' என்று மட்டும் எழுதினால், உள்ளே இருப்பவர் அதைத் தோல்வி என்றே படிப்பார். பெரிய எழுத்தில், கோடு போட்ட தாளில், பின்பக்கமும் விடாமல் எழுதி, மருத்துவக் கோரிக்கைச் சீட்டின் கார்பன் நகலை எல்லாம் இணைத்து அனுப்பியவர் அவர். அதனால் நேராகவே எழுதுவேன்: உங்கள் வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, புது எண் வரும், இனிக் காகிதங்களை இந்த முகவரிக்கு அனுப்புங்கள், சிறை மாற்றினால் உடனே அந்த நீதிமன்றத்துக்குத் தெரிவியுங்கள். இந்தக் கடைசி வரியை எந்த உத்தரவிலும் விடவே மாட்டேன், ஏனென்றால் தபால் திரும்பி வந்துவிட்டால் அந்தக் காரணத்துக்காகவே வழக்கு முடிந்துபோவதுண்டு.