கிராவிட்டி டிஸ்க் கொடுத்த வேலை

மரைன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் ஆறு நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். சாரம் இவ்வளவுதான்: "அண்ணா, கேஸ் கப்பல் லைன் நல்லதா, எலக்ட்ரிக்கல் பக்கம் போறதா, இல்ல சீக்கிரம் கரைக்கு வந்து கப்பல்களைச் சோதிக்கிற சர்வேயர் ஆகிடறதா? இப்பவே முடிவு பண்ணலைன்னா லேட் ஆகிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

கேட்டு முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, நடுவில் துளை போட்ட ஒரு உலோக வளையம்.

அப்போது நான் புதிதாக ஏறிய ஃபோர்த் இன்ஜினியர்; சீஃப், செகண்ட், தேர்டுக்கு அடுத்து வருகிறவன். என்ஜின் ரூமில் ஃபோர்த்துக்கு எழுதிவைத்த சொத்து மாதிரி, எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் வந்து சேரும். பெரிய கப்பல்களின் மெயின் என்ஜினுக்குப் போகும் கனரக எண்ணெய் ஆறிக் கிடந்தால் தார் மாதிரி இருக்கும். அதை 98 டிகிரி வரை சூடாக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும் கிண்ணத்துக்குள் விடுவோம். கனமான தண்ணீரும் அழுக்கும் வெளி ஓரத்துக்கு ஓட, லேசான எண்ணெய் நடுவில் ஒதுங்கி மேலே வரும். பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் அதே வித்தைதான். ஸ்வீடன்காரர் குஸ்தாவ் டி லாவல் 1878-ல் செய்ததும் க்ரீம் பிரிக்கிற மிஷின்தான். உலகத்து ஃபோர்த்களின் தூக்கத்தைக் கெடுக்கிற இயந்திரத்துக்குத் தாத்தா ஒரு பால் மிஷின் என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

கிண்ணத்துக்குள் எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற எல்லை ஒன்று இருக்கும். அது சரியான இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே தள்ளி வந்தால் பிரிப்பு மோசமாகும். வெளியே தள்ளிப் போனால், எண்ணெயைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வளையமான வாட்டர் சீல் உடைந்து, எண்ணெயே தண்ணீர் போகிற வழியில் வெளியேறும். எல்லையின் இடத்தை முடிவு செய்வதுதான் கிராவிட்டி டிஸ்க் என்ற அந்த வளையம். எண்ணெயின் அடர்த்தி கூடக் கூட, துளை சின்னதாக இருக்கிற டிஸ்க் போட வேண்டும்.

எங்கள் கப்பல் அதுவரை எரித்துக்கொண்டிருந்த எண்ணெயின் அடர்த்தி கன மீட்டருக்கு 961 கிலோ. அடுத்த துறைமுகத்தில் ஏற்றியது 988. எரிபொருள் ஏற்றியதற்கான பங்கர் ரசீதில் தெளிவாக அச்சாகியிருந்தது. கோப்பில் போட்டதும் நான்தான். டிஸ்கை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. புது எண்ணெய்க்கு மாறிய அன்று மத்தியானம் அலாரம் அடித்தது. ரீசெட் பண்ணி, சீல் வாட்டரைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, மறுபடி ஓட்டினேன். திரும்ப அடித்தது. திரும்ப ரீசெட். நாலாவது தடவை அடிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று டீ குடிக்கப் போனேன். உண்மையில் அலாரம் சுவிட்ச்தான் அழுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் செகண்ட் இன்ஜினியர், கழிவு எண்ணெய் சேரும் ஸ்லட்ஜ் டேங்கில் மட்டம் அளக்கும் சவுண்டிங் டேப்பை இறக்கிப் பார்த்தபோது, இருக்கவேண்டியதைவிட இரண்டு கன மீட்டர் கூடுதலாக இருந்தது. அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய நல்ல எண்ணெய்.

எண்ணெய் வீணானதை விட சீஃப்பைக் கவலைப்பட வைத்தது ஆயில் ரெக்கார்ட் புக். கடல் மாசைத் தடுக்கும் மார்போல் விதிப்படி ஸ்லட்ஜ் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்பதற்கு அதில் கணக்கு வேண்டும். திடீரென்று எகிறிய கணக்கைப் பார்க்கும் துறைமுக அதிகாரி கேள்வி கேட்காமல் விடமாட்டார். கழிவு எண்ணெயை ரகசியக் குழாய் வழியாகக் கடலில் விட்டுவிட்டு புத்தகத்தில் பொய் எழுதியதற்காக அமெரிக்காவில் சிறைக்குப் போன சீஃப்கள் உண்டு. அந்தக் குழாய்க்கு 'மேஜிக் பைப்' என்றே பெயர். அதனால் எங்கள் சீஃப் நடந்ததை நடந்தபடி எழுதினார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

செகண்ட் திட்டவில்லை. டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து மேனுவலைத் திறந்தார். "காலேஜ்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல என்ன மார்க்?" என்றார். நல்ல மார்க்தான், சொன்னேன். "அப்ப இதை நீயே வரைஞ்சு காட்டு" என்று லாக் ஷீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தார். சுற்றுகிற கிண்ணத்தில் இரண்டு திரவங்களின் அழுத்தம் எங்கே சமமாகும் என்ற கணக்கு. பரீட்சையில் ஐந்து நிமிடத்தில் போட்டதுதான். அன்று எண்ணெய்க் கறை படிந்த கையோடு முக்கால் மணி நேரம் ஆனது. வரைந்து முடித்தபோது, துளை ஏன் சின்னதாக வேண்டும் என்று முதல்முறையாகப் புரிந்தது. அடுத்த பங்கரிலிருந்து ரசீது கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அடர்த்தியைத்தான்.

அப்படித்தான் எண்ணெய்ப் பைத்தியம் பிடித்தது. செகண்ட் வரை ஓடிவிட்டு, இப்போது கரையில் எரிபொருள் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். கப்பல்களிலிருந்து சாம்பிள் பாட்டில்கள் வரும், அறிக்கை எழுதுவோம், சீஃப்களோடு போனில் மல்லுக்கட்டுவோம். சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்கள் எண்ணெயில் கலந்து வருவதுண்டு, கேட் ஃபைன்ஸ் என்போம். அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த அவை சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி ராவிவிடும். கப்பல் எரிபொருளுக்கான ஐ.எஸ்.ஓ 8217 தரப்படி, வழக்கமான கனரக எண்ணெயில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம். என்ஜின் தயாரிப்பாளர்களோ 15-க்கு மேல் என்ஜினுக்குள் வரக்கூடாது என்பார்கள். நடுவில் இருக்கிற அந்த 45-ஐப் பிடித்து நிறுத்துவது யார்? ஃபோர்த்தின் பியூரிஃபையர்தான்.

2020 ஜனவரி 1 முதல் எரிபொருளில் கந்தகம் 3.50 சதவீதத்திலிருந்து 0.50 ஆக இறங்கியபோது எங்கள் போன் ஓயவில்லை. புதிய கலவை எண்ணெய்களில் சில ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இரண்டு பங்கரை ஒரே டேங்கில் கலந்தால் அஸ்பால்டீன் என்கிற தார் போன்ற பொருள் திரிந்து, ஃபில்டர் முழுக்கக் கறுப்பு வெண்ணெய். 2022-ல் சிங்கப்பூரில் குளோரின் சேர்மங்கள் கலந்த எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போய், அதில் 80 வரை என்ஜின் தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். வழக்கமான சோதனையில் அது தெரியவே தெரியாது. வேறு விதமாகத் தேட வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

சரி, தம்பி கேட்ட மற்றவை.

எலக்ட்ரிக்கல் என்றால் இ.டி.ஓ, அதாவது எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ உடன்படிக்கையின் மணிலா திருத்தங்கள் 2012-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தப் பதவிக்கென்று தனிச் சான்றிதழ் வந்தது. "மோட்டார் பார்க்கிற வேலைதானே" என்று அதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் டாலி கப்பலின் கதையைச் சொல்வேன். 2024 மார்ச் 26-ஆம் தேதி அதிகாலை பால்டிமோரில் மின்சாரம் போய்ப் பாலத்தில் மோதியதே, அதே கப்பல். அமெரிக்க விசாரணைக் குழு தோண்டிக்கொண்டே போய்க் கடைசியில் கண்டது, சரியாக உட்காராத ஒரு சிக்னல் ஒயர். ஒயரில் மாட்டியிருந்த பெயர்ப் பட்டை தள்ளி வந்திருந்ததால், முனை டெர்மினலுக்குள் முழுதாக இறங்கவில்லை. இ.டி.ஓ ஆகப் போகிறவன் அந்த அறிக்கையை மெதுவாகப் படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டெர்மினல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கப் பொறுமை இருக்கிறதா என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

கேஸ் லைனில் சம்பளம் நல்லது, அதை மறைப்பானேன். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக இருக்கும் இயற்கை எரிவாயுவான எல்.என்.ஜி எப்போதும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியையே எரித்துக் கப்பலை ஓட்டுவார்கள். சரக்கும் எரிபொருளும் ஒன்றே என்பதால் கேஸ் இன்ஜினியருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பழைய எல்.என்.ஜி கப்பல்கள் ஸ்டீம் டர்பைனில் ஓடியதால் ஸ்டீம் டிக்கெட்காரர்களுக்கு (டிக்கெட் என்றால் தகுதிச் சான்றிதழ்) ஒரு காலத்தில் ஏக கிராக்கி. இப்போது வருகிறவை பெரும்பாலும் இரட்டை எரிபொருள் என்ஜின்கள். டிக்கெட்டின் மவுசு பத்து வருடத்தில் மாறிவிடும் என்பதற்கு இது ஓர் உதாரணம். மெத்தனாலில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பல் 2023-லேயே வந்துவிட்டது. அம்மோனியா என்ஜின்களும் வருகின்றன. அம்மோனியா நச்சு வாயு, அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் உதறல்.

சர்வேயர் வேலைக்கு அவசரம் வேண்டாம். க்ராங்க் கேஸுக்குள் ஊர்ந்து போய், பேரிங் கிளியரன்ஸ் எடுத்து, கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் இல்லாத சர்வேயரைக் கப்பலில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். சீஃப் டிக்கெட் வரை ஓடிவிட்டு வந்தால் கப்பலுக்குத் தரச் சான்று கொடுக்கும் க்ளாஸ் நிறுவனம், சூப்பரின்டென்டென்ட், இன்ஷூரன்ஸ் ஆய்வு என்று கதவுகள் தானாகத் திறக்கும். என்ஜின் கம்பெனிகளின் சர்வீஸ் இன்ஜினியர் வேலையும் உண்டு. பெட்டியோடு பறந்துகொண்டே இருக்க வேண்டும், கல்யாணமான நண்பர்கள் யாரும் அதில் நீடிக்கவில்லை. கப்பலின் உடலை வடிவமைக்க ஆசை என்றால் அது நேவல் ஆர்க்கிடெக்சர், வேறு படிப்பு.

இதையெல்லாம் நானும் ஒரு வாய்ஸ் மெசேஜாக, ஆறு நிமிடத்துக்கு மேலேயே பேசி அனுப்பினேன். லைன் எதுவென்று இப்போது முடிவு பண்ண வேண்டாம், அடுத்த ட்ரெய்னிங்கில் ஒரு பைப் லைனையாவது டேங்கிலிருந்து என்ஜின் வரை கையால் தொட்டுத் தொட்டு ட்ரேஸ் பண்ணி, வால்வு வால்வாக நோட்டில் வரை என்றேன். மேனுவலில் இருக்கிற நாமோகிராமைப் பார்த்து ஒரு கிராவிட்டி டிஸ்க் தேர்ந்தெடுத்துக் காட்டு என்றும் சொன்னேன்.

ராத்திரி பதில் வந்தது. இந்தத் தடவை நாலே வார்த்தை. "அண்ணா, நாமோகிராம்னா என்ன அண்ணா?"

என் பழைய மேனுவலைத் தேடி எடுத்து, கோடு போட்டே விடை கண்டுபிடிக்கிற அந்த வரைபடப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பினேன். ஓரத்தில் செகண்டின் பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. 988-ல் தொடங்கி, 98 டிகிரி கோட்டை வெட்டிக்கொண்டு போகிற கோடு.