ஒரு முழம் மல்லி

நேற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு முழம் மல்லி வாங்கித் தலையில் வைத்தேன். முப்பத்தாறு வயதில் முதல்முறை. "கிட்ட வா கண்ணு, நானே வெச்சு விடறேன்" என்று பூக்காரம்மா சொன்னதும் கை நடுங்கியது. சபைக்காரர் யாராவது பார்த்துவிட்டால்?

நான் வளர்ந்த கிறிஸ்தவ சபையில் பூ, பொட்டு, கம்மல், சினிமா எதுவும் கூடாது. அதுகூடப் பரவாயில்லை, இயேசு திடீரென்று வந்து உண்மையான விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்ற 'இரகசிய வருகை' பயம்தான் விடவில்லை. பள்ளி விட்டு வந்து வீடு பூட்டியிருந்தால், அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டார், நான் கைவிடப்பட்டேன் என்று வாசலிலேயே அழுவேன். அம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருப்பார். 2004-ல் சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளைத் தேடி அழுதுகொண்டிருந்தார்கள். எங்களுக்கோ 'கடைசிகால அடையாளம்' என்று பிரசங்கம். அன்றுதான் முதல் விரிசல்.

சபையை விட்டு வெளியே வந்து ஆறு வருஷமாகிறது. இந்த மாதிரிக் காயத்துக்கு மார்லின் வினெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2011-ல் 'மத அதிர்ச்சி நோய்க்குறி' (Religious Trauma Syndrome) என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார். மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இல்லைதான், இருந்தாலும் பெயர் கிடைத்ததே எனக்குப் பாதி மருந்து. இன்னமும் காலி வீட்டுக்குள் நுழைந்தால் நெஞ்சு படபடக்கும். உடனே அம்மாவுக்கு போன் போடுவேன்.

நேற்றும் போட்டேன். "பூ வெச்சேன்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மொழம் எவ்ளோடி?" என்றார்.