மூன்றே கடை உள்ள ஊரில் பெட் கட்டுவது

போன வருஷம் நியூ ஜெர்சியிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ராக்கி ஹில்லுக்குக் குடிவந்த தம்பி ஒருவன், சாமான் இறக்கிய மறுநாளே என்னிடம் கேட்ட கேள்வி பள்ளிக்கூடத்தைப் பற்றியோ இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியோ இல்லை. "அண்ணே, என் போன்ல பெட்டிங் ஆப் பாதி வேலை செய்யலையே, இங்க சட்டப்படி செல்லாதா?" என்றான். செல்லும்ப்பா, ஆனால் மூன்று கடைதான் என்றேன். நம்பவில்லை. பெட்எம்ஜிஎம் எங்கே, சீசர்ஸ் எங்கே என்று வரிசையாகக் கேட்டான். கனெக்டிகட்டில் அவை கிடையாது. டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல், ஃபனாட்டிக்ஸ், அவ்வளவுதான். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வருஷத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவு திறந்தது 2018 மே 14. பெரும்பாலான மாநிலங்கள் அதை அனுமதிக்கவிடாமல் தடுத்துவந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அன்று தூக்கிப் போட்டது. வழக்குப் போட்டு ஜெயித்ததே நியூ ஜெர்சிதான், அதனால் அங்கே கடைத்தெரு மாதிரி ஆப்கள் திறந்தன. அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி சட்டம் போட்டது. நியூ ஹாம்ஷயரில் டிராஃப்ட்கிங்ஸ் ஒன்றுதான், வருமானத்தில் ஏறக்குறைய பாதி மாநிலத்துக்குப் போகிறது. ஃப்ளோரிடாவில் செமினோல் பழங்குடியின் ஹார்ட் ராக் ஆப் மட்டும். நியூயார்க் 2022 ஜனவரியில் தொடங்கியபோது 9 நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து 51 சதவீத வரி போட்டது. எங்கள் ஊருக்கு மூன்று. 4 ஏன் இல்லை, 10 ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

கனெக்டிகட்டின் தென்கிழக்கில், ஒன்றுக்கொன்று அரை மணி நேரம் கூட ஆகாத தூரத்தில், இரண்டு பிரம்மாண்டமான கேசினோக்கள். ஃபாக்ஸ்வுட்ஸ், மஷன்டக்கெட் பீக்வாட் பழங்குடியினருடையது. மொஹிகன் சன், பெயரிலேயே இருக்கிறது, மொஹிகன்களுடையது. (1637-இல் ஆங்கிலேயர்கள் பீக்வாட்களை அழித்த போரில் மொஹிகன்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். கிட்டத்தட்ட 4 நூற்றாண்டு கழித்து இரண்டு பேரும் எதிரெதிர்க் கடை நடத்துகிறார்கள். சரித்திரத்துக்கு இப்படி ஒரு குறும்பு உண்டு.) ஃபாக்ஸ்வுட்ஸ் 1986-இல் பிங்கோ கொட்டகையாகத் தொடங்கி 1992-இல் கேசினோ ஆனது. அடுத்த வருஷமே மாநில அரசோடு ஒரு ஒப்பந்தம்: ஸ்லாட் மெஷின் வருமானத்தில் 25 சதவீதம் அரசுக்கு, பதிலுக்கு வேறு யாருக்கும் அந்த மெஷினை அனுமதிக்கக் கூடாது. 1996-இல் மொஹிகன் சன் வந்தபோது அவர்களும் இதில் சேர்ந்தார்கள். அரசு வேறொருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அந்த 25 சதவீதம் நின்றுபோகும், இதுதான் ஒப்பந்தத்தின் முடிச்சு.

இப்போது 2018-க்குப் பின் என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டுப் பந்தயமும் கேசினோ ஆட்டம்தான், அது எங்களுக்கே உரியது என்றார்கள் பழங்குடியினர். அரசுக்கோ தன் லாட்டரிக் கழகத்துக்கும் ஒரு பங்கு வேண்டும். பகைத்துக்கொண்டால் வந்துகொண்டிருக்கும் ஸ்லாட் பணம் போய்விடும். இப்படியே 3 வருஷம் இழுத்தது. 2021-இல் ஆளுநர் நெட் லமாண்ட் காலத்தில் உடன்பாடு வந்து, மே மாதம் சட்டமாகி, செப்டம்பரில் மத்திய உள்துறை ஒப்புதல் கொடுத்து, அக்டோபர் 19 அன்று போனில் பெட் கட்டுவது மாநிலம் முழுக்கத் தொடங்கியது. மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மூன்று உரிமம். சந்தைக்கு எத்தனை கடை தேவை என்று யாரும் கணக்குப் போட்டு வந்த எண் இல்லை இது.

உரிமம் உண்மையில் ஆப் கம்பெனிகள் பேரில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூல உரிமம் பீக்வாட், மொஹிகன், லாட்டரிக் கழகம் ஆகிய மூவருடையது. பட்டா அவர்கள் பேரில், குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்கள் இந்தக் கம்பெனிகள். பீக்வாட்களின் நிலத்தில் டிராஃப்ட்கிங்ஸ், மொஹிகன்களின் நிலத்தில் ஃபேன்டூயல். லாட்டரிக் கழகம் முதலில் ரஷ் ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தோடு தொடங்கியது, அது விலகிப்போக, 2023 கடைசியில் ஃபனாட்டிக்ஸ் உள்ளே வந்தது. அப்போது நான்காவது கடை எதுவும் திறக்கவில்லை, குத்தகைதாரர் மட்டும் மாறினார். ஹார்ட்ஃபோர்ட், பிரிட்ஜ்போர்ட் உட்பட 15 இடங்கள் வரை நேரில் பெட் கட்டும் கவுன்டர் வைக்கும் உரிமையும் லாட்டரிக்கு உண்டு. ஆன்லைன் கேசினோ மட்டும் அதற்குக் கிடையாது, அது பழங்குடியினர் இருவருக்கே.

வரி 13.75 சதவீதம். கட்டிய பணம் மொத்தத்துக்கும் இல்லை, ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதற்கு. நியூயார்க்கின் 51-ஐப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், பேச்சுவார்த்தையில் யார் கை ஓங்கியிருந்தது என்பது தெரியும்.

சரி, மூன்று கடை என்பதால் நமக்கு என்ன நஷ்டம்? தம்பிக்கு நான் பேப்பரில் எழுதியே காட்டினேன். சமபலமுள்ள இரண்டு அணிகள் ஆடுகின்றன, இரு பக்கமும் மைனஸ் 110 என்று போட்டிருக்கும். 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டும் என்று அர்த்தம். நீங்கள் ஒரு பக்கம் 110, நான் மறுபக்கம் 110, மொத்தம் 220. ஜெயித்தவருக்கு 210 போகிறது, 10 டாலர் கடைக்காரர் பையில். இதில் கையைக் கடிக்காமல் இருக்கவே 100-க்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் அவன் என்ன செய்வான் என்றால், ஏழெட்டு ஆப் திறந்து பார்த்து எங்கேயாவது மைனஸ் 105 இருந்தால் அங்கே கட்டுவான். 105 கட்டி 100 ஜெயிப்பதென்றால் 51.2 தடவை போதும். சின்ன வித்தியாசம் மாதிரிதான் தெரியும், ஆனால் இந்த ஆட்டத்தில் இருக்கிறதே அவ்வளவு வித்தியாசம்தான். மூன்று கடை மட்டும் இருந்தால் விலை விசாரிக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, முடிந்த பிறகு பெரும்பாலும் 110-தான் கட்டுகிறோம்.

இதைவிட மோசம் பார்லே. நான்கு ஆட்டங்களைக் கோத்து ஒரே பெட்டாகக் கட்டுவது, நான்கும் பலித்தால் பெரிய தொகை. ஆப்பைத் திறந்தாலே முதலில் கண்ணில் படுவது இதுதான், காரணம் இல்லாமல் படவில்லை. நாலும் சமவாய்ப்பு என்றால் நியாயமாக 1 டாலருக்கு 16 கொடுக்க வேண்டும். மைனஸ் 110-இல் ஜெயித்தால் 1 டாலர் 1.909 ஆகிறது, அதை நான்கு முறை பெருக்கினால் 13.28-தான் வரும். ஒற்றை பெட்டில் நாலரை சதவீதமாக இருந்த கடைக்காரர் பங்கு இங்கே 17 ஆகிவிடுகிறது. கடை மூன்றோ முப்பதோ, பார்லே கட்டுகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். போனஸ் பெட் என்று 100 டாலர் கொடுப்பதும் அப்படியே, மைனஸ் 110-இல் அதைக் கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 90.91, அந்த 100 திரும்பி வராது.

நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை நான் ஜெயித்த 140 டாலரை எடுக்கப் போனபோது மூன்றில் ஒரு ஆப் (எது என்று எழுதப் போவதில்லை) அடையாளச் சான்று சரியில்லை, மறுபடி அனுப்பு என்று இரண்டு வாரம் இழுத்தடித்தது. இங்கே இதையெல்லாம் மேற்பார்க்கிறது மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறை. அங்கே புகார் செய்யப் போகிறேன் என்று ஒரு வரி எழுதினேன், மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது. தெருமுனை புக்கியிடம் கட்டியிருந்தால் யாரிடம் போய் நிற்பது? இன்னொன்று, வேண்டாம் சாமி என்று ஒருவர் தன்னையே தடை செய்துகொள்ள நினைத்தால், துறையின் ஒரே பட்டியலில் பெயரைக் கொடுத்தால் மூன்று ஆப்பும் மூடிக்கொள்ளும். என் அலுவலகத்தில் ஒருவர் அப்படிக் கொடுத்தார். கடை குறைவாக இருப்பதில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் இது.

அடுத்து எல்லைக் கோடு. கனெக்டிகட்டில் வசிக்க வேண்டும் என்பதில்லை, 21 வயதாகியிருந்து, கட்டும் நிமிஷத்தில் நீங்கள் நிற்கும் மண் கனெக்டிகட்டாக இருந்தால் போதும். போன் இருக்கும் இடத்தை ஆப் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லையோரம் என்ஃபீல்டில் இருக்கும் என் நண்பர் வீட்டில் சில நாள் ஹாலில் நின்றால் கட்ட முடியாது, சமையலறைக்குப் போனால் முடியும்.

எங்கள் ஊரின் விசித்திரமே யூகான் விதிதான். யூகான் என்றால் கனெக்டிகட் பல்கலைக்கழகம், அதன் கூடைப்பந்து இங்கே கிட்டத்தட்ட மதம். ஆண்கள் அணி 2023, 2024 என்று அடுத்தடுத்து தேசிய சாம்பியன், பெண்கள் அணி 2025-இல். ஆனால் கனெக்டிகட்டுக்குள் நின்றுகொண்டு யூகான் ஆடும் ஒரு ஆட்டத்தின் மேல் பெட் கட்ட முடியாது. மாநிலக் கல்லூரிப் பிள்ளைகளை யாரும் நெருக்கக் கூடாது என்று சட்டம் அப்படி. தேசியப் போட்டித்தொடர் நடக்கும்போது கோப்பையை யூகான் வெல்லும் என்று முழுத் தொடருக்கும் கட்டலாம், இன்றைக்கு ராத்திரி ஆட்டத்துக்குக் கட்டக் கூடாது. மாசசூசெட்ஸிலும் அவர்கள் ஊர்க் கல்லூரிகளுக்கு இதே மாதிரி ஒரு விதி. ஆக இங்கிருப்பவர்கள் யூகானுக்காக வடக்கே போகிறார்கள், பாஸ்டன் காலேஜுக்குக் கட்ட நினைப்பவர்கள் தெற்கே வரலாம்.

வரி விஷயத்தில் புதிதாக வந்தவர்கள் கட்டாயம் அடிபடுகிறார்கள். வருஷத்தில் 20,000 டாலர் ஜெயித்து 20,000 தோற்றால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று நினைப்போம். கனெக்டிகட் அப்படி நினைப்பதில்லை, பொழுதுபோக்காகக் கட்டுகிறவருக்கு நஷ்டத்தைக் கழிக்கவே விடாது, 20,000-க்கும் வரி. மத்திய வரியிலும் 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம்.

இதற்கிடையே பக்கத்துச் சந்தில் வேறொரு கடை திறந்துவிட்டது. கல்ஷி மாதிரியான கணிப்புச் சந்தைகள், நாங்கள் நடத்துவது பந்தயமே இல்லை, மத்திய அரசு மேற்பார்க்கும் ஒப்பந்த வியாபாரம் என்று சொல்லி இதே ஆட்டங்களின் மேல் பணம் வாங்குகின்றன. 2025 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புத் துறை கல்ஷி, ராபின்ஹூட், கிரிப்டோ.காம் மூன்றுக்கும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கல்ஷி நீதிமன்றம் போயிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் போட்ட ஸ்லாட் ஒப்பந்தம்தான் இன்றைக்கும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்று ஆகிவிட்டால் பழங்குடியினர் எதற்கு அரசுக்குப் பங்கு கொடுக்க வேண்டும்?

தம்பி இப்போது தேறிவிட்டான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, யூகான் ஆட்டத்துக்குக் கட்டியே தீருவேன் என்று ஐ-91 நெடுஞ்சாலை பிடித்து மாசசூசெட்ஸ் எல்லையோர லாங்மெடோ வரைக்கும், பனியில் 40 நிமிஷம் ஓட்டிக்கொண்டு போனான். எல்லை தாண்டியதும் கண்ட முதல் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, யூகான் 10 புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் என்று 20 டாலர். ராத்திரி எனக்கு போன் வந்தது. யூகான் ஜெயித்துவிட்டதாம், 7 புள்ளியில். "பெட்ரோலையும் சேர்த்தா எவ்ளோண்ணே ஆகுது?" என்றான்.