மூக்கு லாரிக்கு உதிரி தேடும் நாட்குறிப்பு

ஜனவரி 7, 2024, ஞாயிறு, சங்ககிரி

பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. பழையபடி ஆக்க நான் பிரித்திருக்கும் வண்டி, எஞ்சின் மூக்குபோல முன்னே நீண்ட லாரி: டாடா மெர்சிடிஸ் பென்ஸ் எல்-312. ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஜாம்ஷெட்பூரில் உருவான வரிசை. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் டாடா லாரிகளின் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. என் வண்டியில் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் யாரோ ஓர் எவர்சில்வர் தட்டை ரிவிட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குக் கிடைக்காத பொருளே இல்லை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஓடுகிற லாரிக்கு அது உண்மை. ஆனால் இங்கே லாரி என்பது பிழைப்பு; உழைக்கும்வரை உழைத்துவிட்டு எடைக்குப் போட்டுவிடுவார்கள். லாரிகளின் ஊரில்தான் பழைய லாரி அரிது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் முடிந்து கடைகள் திறந்ததும் மேஸ்திரியோடு சேலம் போனேன். கடைக்காரர்கள் எடுத்தவுடன் கேட்பது "என்ன வண்டிங்க?" என்றுதான். எல்-312 என்று நான் சொன்னதும் ஒரு சிரிப்பு. "அதெல்லாம் இப்போது வருவதில்லைங்க."

அடுத்த கடை வாசலில் மேஸ்திரி என்னை நிறுத்தினார். "தம்பி, இங்கே நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்." மண்ணெண்ணெயில் கழுவிய பழைய பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பி, ஓரத்தில் பொறித்திருந்த எண்ணை மட்டும் படித்தார்: 6309. புதுப் பெட்டி மேசைக்கு வந்துவிட்டது. 6309 என்றால் உள்விட்டம் 45 மி.மீ., வெளிவிட்டம் 100, அகலம் 25. எந்த நாட்டில் யார் செய்தாலும் அதே அளவு. அது லாரிக்குப் போகிறதா, தண்ணீர் மோட்டாருக்குப் போகிறதா என்று கடைக்காரர் கேட்கவே இல்லை.

சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீலும் அப்படித்தான்: தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்களைச் சொன்னால் போதும். ஆனால் பழைய சீல் தேய்த்துத் தேய்த்துத் தண்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அதன் உதடு பள்ளத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காரும்படி பார்த்து அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, சனி, சென்னை

புதுப்பேட்டை, பழைய வண்டி உதிரிகளின் சந்தை. நட்சத்திரம் தேடி வந்தேன். ஒரு கடை முழுக்கக் கதவுகள், அடுத்ததில் விளக்குகள், அதற்கடுத்ததில் பம்பர்கள். கார்க்காரர்களுக்கும் இரு சக்கர வண்டிக்காரர்களுக்கும் இது திருவிழா. லாரிக்காரனுக்குச் சில கடைகள்தான். பென்ஸ் நட்சத்திரம் என்றதும் ஆளுக்கொன்று எடுத்து நீட்டினார்கள், எல்லாம் கார் பானெட்டில் நிற்கும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். எனக்கு வேண்டியது கையகலத்துக்கும் பெரியது.

ஒரு கடையில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு யோசனை கிடைத்தது. என் எஞ்சின் ஓஎம் 312: ஆறு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 90 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டம் 120 மி.மீ., மொத்தம் 4,580 சி.சி. பின்னாளில் வந்த டாடா 692 எஞ்சினில் ஓட்டம் அதே 120, விட்டம் மட்டும் 92. "692 பிஸ்டன் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன். சிலிண்டரைக் கடைந்து போட்டுவிடுங்கள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் கடைக்காரர். நான் பார்ப்பேனே! அது கிடக்கட்டும். விட்டம் பொருந்திவிட்டால் பிஸ்டன் பொருந்திவிடாது. பின் துளையிலிருந்து தலைவரை உள்ள உயரமும் தலையின் வடிவமும் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் மாறிவிடும். அவரிடம் அளந்து பார்க்க ஒரு வெர்னியர்கூட இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பிஸ்டன்களை மைக்ரோமீட்டரில் அளந்தோம். தேய்மானம் வரம்புக்குள் இருக்கிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதும். அதற்கும் விட்டம், தடிமன் சொல்லி ஆர்டர் கொடுத்தாயிற்று. புதுப்பேட்டைக்காரர் பிழைத்தார்.

பிப்ரவரி 19, திங்கள்

நான் மிகவும் பயந்தது, டீசல் பம்பில் இருந்துகொண்டு எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத்தான். வேகத்தை உணரச் சுழலும் குண்டுகள் இந்தப் பம்பில் கிடையாது. காற்று நுழையும் குழாயில் ஒரு மடல். அதன் அருகே உண்டாகும் வெற்றிட இழுவை ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கவர்னருக்கு வரும். அங்கே ஒரு தோல் டயாப்ரம், அதாவது சவ்வு. ஸ்பிரிங் டீசலைக் கூட்டும் பக்கம் தள்ளும். வெற்றிடம் டயாப்ரத்தை இழுத்துக் குறைக்கும். தோல் கிழிந்தால் இழுக்க ஆளில்லை, ஸ்பிரிங் வைத்ததே சட்டம். எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அடங்காது.

பிரித்துப் பார்த்தால் தோல் அப்பளமாகக் காய்ந்திருந்தது. தோலை வாங்கி வெட்டித் தைத்துத் தருவதாக இரண்டு பேர் முன்வந்தார்கள். மேஸ்திரி கேட்கவே மறுத்துவிட்டார்: "முகப்பில் எதை வேண்டுமானாலும் தட்டிச் செய்யலாம் தம்பி. வேகத்தையும் பிரேக்கையும் பிடிக்கிற பொருளில் கைவேலை கூடாது." பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம், ஜெர்மனியின் போஷ் வகைப் பம்புகளை இங்கேயே செய்துவந்ததால், பம்ப் பட்டறைகளில் இன்னும் சரக்கு இருக்கிறது. ஈரோட்டில் ஒரு பெரியவர் உறை பிரிக்காத டயாப்ரம் ஒன்றை அலமாரி அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பூட்டச் சொன்னார். விலை? டீ வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னால்கூட நம்பமாட்டீர்கள்.

மார்ச் 10, ஞாயிறு

ஹீட்டர் பிளக், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புமுன் சிலிண்டருக்குள் சூடேற்றுவது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்தவை. பழங்காலச் சீரியல் விளக்குகளைப் போல ஒன்று போனால் ஆறும் இருட்டு. டாஷ்போர்டில் ஒரு சிறு கம்பிச்சுருள் சிவந்தால்தான் உள்ளே சூடேறுகிறது என்று அர்த்தம். கடையில் கிடைக்கும் இன்றைய பிளக்குகள் முழு வோல்ட்டுக்கும் தனித்தனியாக நிற்பவை. இங்கே வோல்ட் ஆறாகப் பிரிவதால் அவை வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

பழைய வகைப் பிளக் கடைசியில் சிக்கியது பிரேசிலில். 1956இல் சாவோ பெர்னார்டோ டோ காம்போவில் மெர்சிடிஸ் தயாரிக்கத் தொடங்கிய லாரியும் இதே எல்-312தான்; அங்கே 'டார்பிடோ' என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஒரு வியாபாரி இரு முனைப் பிளக்குகளை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினார். மரை அளவு ஒத்துப்போகிறது. சுங்க வரிதான் பொருளின் விலையை எட்டிப்பிடிக்கும்போல் இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

பிரேக் சிலிண்டர்களுக்கு உள்ளே ஸ்லீவ் என்னும் புது உலோகக் குழாய் போட்டு வந்துவிட்டது. ரப்பர் கப்புகள் புதியவை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம்.

வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறீர்கள். பழம்பெரும் வாகனங்களுக்கான 2021ஆம் ஆண்டு விதி, 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைத்தான் பேசுகிறது. ஆறு டயர் லாரிக்கு அதில் இடமில்லை. சுமை தூக்கியவனுக்கு ஓய்வூதியம் இல்லை என்கிறார் மேஸ்திரி.

இப்போது பாக்கி, முன்கண்ணாடி ரப்பர். பழையதில் ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் மை தொட்டுத் தாளில் அச்செடுத்து, ரப்பர் பட்டறைக்கு அனுப்பினேன். ஐம்பது மீட்டருக்குக் குறைந்தால் அச்சு போடமாட்டார்களாம். எனக்கு வேண்டியது சில மீட்டர்தான். எல்-312 வைத்திருப்பவர்கள் யாராவது பங்கு சேர விரும்பினால், உங்கள் ரப்பரையும் இதேபோல் அச்செடுத்து, பக்கத்தில் மி.மீ. அளவு குறித்து அனுப்புங்கள். ஒத்துவந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் ஆர்டர் கொடுத்துவிடுகிறேன்.