பிறந்தநாள் வீட்டுக்கு நடந்து போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணியில் கொடியேறும். அதற்குப் பல நாள் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடைகள் தெரியத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து நடந்தால் 300 கி.மீ.க்கு மேல், ஏறக்குறைய பத்து நாள். தஞ்சாவூரிலிருந்து என்றால் மூன்று, நான்கு நாள். செப்டம்பர் 8 அன்னை மரியாவின் பிறந்தநாள். ஆனால் நாகப்பட்டினம் தாண்டி கடைசி 12 கி.மீ. நடந்து வருகிறவர்களைப் பார்த்தால், பிறந்தநாள் வீட்டுக்குப் போகிற களை பலர் முகத்தில் இல்லை. தவணை கட்டப் போகிறவர்கள் போல வருகிறார்கள்.

சிறையில் இருந்தபடி பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதிய திருத்தூதர் பவுல், மகிழுங்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை கட்டளையாகவே சொல்கிறார். தானாக வந்து தானாகப் போகிற மனநிலையைக் கட்டளையிட முடியாது. தண்ணீர் பாய்ச்சி, களை பறித்து வளர்க்கிற பயிராக இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். நடைப்பயணம் அந்தப் பயிருக்கு நல்ல வயல். கவனிக்காவிட்டால் இரண்டாம் நாளே கருகிவிடும்.

கருகுவது பெரும்பாலும் காலில்தான் தொடங்கும். பகல் 10 மணிக்குமேல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது பக்தி அல்ல, கொப்புளம். அதிகாலை 4 முதல் 9 வரை, பிறகு மாலை 4 முதல் இரவு 8 வரை, நாளுக்கு 25 முதல் 30 கி.மீ. என்பது பழகாத உடம்புக்குப் போதும். விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ள வேண்டும். கொப்புளம் வந்தால் தோலைக் கிழிக்கக் கூடாது. தானாக வற்ற விடுவதே நல்லது. நடக்கவே முடியாத அளவுக்கு வலித்தால் மட்டும், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டுக் கட்டுப்போடலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது; தலை கனக்கும், குமட்டும், எரிச்சல் வரும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். குழுவில் நடக்கிற சண்டைகளில் பாதி இந்த உப்புக் குறைவாலும் தூக்கக் குறைவாலும் வருபவை. அதைச் சாத்தானின் சோதனை என்று ஜெபிப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் படுத்துப் பார்க்கலாம்.

வேகம் இன்னொரு களை. முன்னால் போகிறவர் போட்டி போட்டால், பின்தங்கியவர் தன்னைச் சுமையாக எண்ணத் தொடங்குவார். குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால் இது தீரும். இருட்டில் எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி வலதுபுறம் நடப்பதும், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுவதும் கட்டாயம்.

இனி வாய் சொல்வது. முன்னால் ஒருவர் ‘மரியே’ என்பார், மற்றவர்கள் ‘வாழ்க’ என்பார்கள். கபிரியேல் வானதூதர் சொன்ன வாழ்த்து இது. லூக்கா நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் ‘கைரே’. அன்றாடம் வணக்கம் சொல்லப் பயன்பட்ட சொல்தான், நேர்ப்பொருள் ‘மகிழ்ந்திரு’. அந்த எண்ணத்தோடு சொன்னால் கோஷம் ஜெபமாகும்.

செபமாலை சொல்லும்போது தியானிக்கிற இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மறைபொருள்கள் என்று பெயர். அவற்றில் மகிழ்ச்சி மறைபொருள்கள் ஐந்துக்கும் உரிய நாள்கள் திங்களும் சனியும். ஐம்பத்து மூன்று மணி ஓய ஏறக்குறைய இருபது நிமிடம், நடையில் ஒன்றரை கி.மீ. இந்த ஐந்து மறைபொருளும் நடப்பவர்களுக்கென்றே அமைந்தவை போலிருக்கும். இரண்டாவதில் மரியா எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைகிறார். கேட்டுப் பெறுவதற்கல்ல, வாழ்த்துவதற்கும் கூட இருப்பதற்கும். நான்காவதில் குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இரண்டு புறாக்கள், ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளின் காணிக்கை. காணிக்கையாகச் செலுத்த வெள்ளித் தொட்டில் வாங்க முடியவில்லையே என்று மருகுகிறவர் இங்கே சற்று நிற்கலாம். ஒரு மெழுகுவர்த்தி போதும். அதே காட்சியில்தான் கோவிலுக்கு வந்த சிமியோன், மரியாவின் உள்ளத்தை ஊடுருவப்போகிற வாளைப் பற்றியும் சொல்கிறார். துயரம் இல்லாத மகிழ்ச்சியை இந்த மாலை எங்கும் சொல்லவில்லை.

ஐந்தாவது, எருசலேமில் திருவிழா முடிந்து ஊர் திரும்பும் வழியில் மரியாவும் யோசேப்பும் பிள்ளை இயேசுவைத் தொலைத்த கதை. மூன்று நாள் தேடினார்கள். வேளாங்கண்ணிக் கூட்டத்தில் இது அப்படியே நடக்கும். பிள்ளையின் முன்கையில் அழியாத மையில் கைபேசி எண்ணை எழுதிவிட்டு உள்ளே நுழையுங்கள்.

பெரிய தேர் செப்டம்பர் 7 இரவு. அன்று போய்ச் சேர்ந்தால் சுரூபத்தின் முன் இரண்டு நொடிதான் கிடைக்கும். பத்து நாள் நடந்த மனம் ஏமாந்துபோகும். முடிந்தவர்கள் திருவிழாவின் முதல் ஐந்து நாளுக்குள் வந்துவிடலாம். வந்த இரவே பேருந்து ஏறுவதுதான் பெரிய தவறு. ஒரு இரவு தூங்கி, பாவசங்கீர்த்தனம் செய்து, காலைத் திருப்பலியில் உட்கார்ந்து பங்கேற்க வேண்டும். மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையிலான மணற்பாதையில் முழந்தாளிட்டுப் போகும் நேர்ச்சை இருந்தால், வெயில் ஏறி மணல் சுடுமுன் முடித்துவிடுங்கள். முட்டியில் தடித்த துணி கட்டிக்கொண்டால் நேர்ச்சை குறைந்துவிடாது.

கேட்க வந்த விண்ணப்பத்தைக் கடைசியில் சொல்லலாம். முதலில் வழியில் மோர் கொடுத்தவர், திண்ணையில் படுக்க இடம் விட்டவர், பையைச் சுமந்தவர் என்று ஒவ்வொருவராக நினைத்து நன்றி சொல்லுங்கள். தினமும் இரவில் மூன்று பேரைக் குறித்து வைத்திருந்தால் பத்து நாளில் முப்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்காக வேண்டி முடிப்பதற்குள் மெழுகுவர்த்தி பாதி எரிந்திருக்கும்.