எஸ்டி கார்டு டிரைவரில் உள் டிஎம்ஏ: படிக்கும் பாதை முடிந்தது

டிஇ10 நானோ என்ற டெவலப்மென்ட் போர்டில் நான் எழுதிக்கொண்டிருக்கும் சின்ன கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), எஸ்டி கார்டை இப்போது முழுக்க டிஎம்ஏ வழியாகவே படிக்கிறது. அதாவது டேட்டாவைப் பிராசசர் தூக்க வேண்டாம், ஹார்டுவேரே நேராக மெமரியில் வைத்துவிடும். இரவெல்லாம் ஓடவிட்டு, படித்த ஒவ்வொரு பிளாக்கின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் பிசியில் எடுத்துவைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. பெருமையாகவே இருக்கிறது.

போர்டிலுள்ள சிப் சைக்லோன் வி. அதில் எஸ்டி கார்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர் சினாப்சிஸ் டிசைன்வேர், லினக்ஸில் டிடபிள்யூ எம்எம்சி டிரைவர் ஓட்டுகிற அதே குடும்பம். அதற்குள்ளேயே தனக்கென்று ஒரு டிஎம்ஏ இருக்கிறது, அதுதான் உள் டிஎம்ஏ. ராணிப்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, சிப்பிலேயே பிஎல்330 இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு டிஎம்ஏ?" நல்ல கேள்வி. பிஎல்330 சிப்பிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான டிஎம்ஏ. எட்டு சேனல்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கென்று தனி நிரலும் எழுதித்தர வேண்டும். உள் டிஎம்ஏ அப்படியில்லை. தன் ஃபிஃபோ (டேட்டா கொஞ்ச நேரம் தங்கும் வரிசை) எப்போது நிறையும், எப்போது காலியாகும் என்பது அதற்கே தெரியும். அதனால் டிரைவர் யாரிடமும் சேனல் கேட்டு நிற்க வேண்டாம். ராக்சிப் ஆர்கே3188 போன்ற பழைய சிப்களில் இதே குடும்பக் கன்ட்ரோலர் வெளி டிஎம்ஏவை நம்பித்தான் இருக்கிறது. எனவே இரண்டு வழியும் வெறும் பிஐஓவும் (பிராசசரே டேட்டாவைத் தூக்குவது) சேர்த்து மூன்றுக்கும் டிரைவரில் ஒரே மாதிரி ஃபங்ஷன் பாயின்டர்கள் வைத்திருக்கிறேன். எந்த வழி என்பதைக் கன்ட்ரோலரின் அமைப்பைச் சொல்லும் ஹெச்கான் ரெஜிஸ்டரின் 16, 17ஆம் பிட்கள் சொல்லும். அங்கே பூஜ்யம் வந்தால் 'டிஎம்ஏ இல்லை' என்பது ஏட்டுக் கணக்கு. உள் டிஎம்ஏ இருக்கிறது என்பதுதான் நிஜம். லினக்ஸ் டிரைவரில் இதைக் கமெண்டாக எழுதிவைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

சரி, பாடாய்ப் படுத்திய இடத்துக்கு வருகிறேன். டேட்டாவை எந்த பஃபரில் வைக்க வேண்டும் என்று டிஎம்ஏவுக்கு எழுதித்தரும் குறிப்புதான் டிஸ்கிரிப்டர். ஒவ்வொன்றும் நான்கு வேர்டு, 16 பைட். 4 கேபி பக்கம் ஒன்றில் 256 அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 4 கேபி பஃபர் கொடுத்தால் ஒரே மூச்சில் 1 எம்பி வரை படிக்கலாம். முதல் வேர்டின் பிட் 31தான் ஓன் பிட். அது 1 என்றால் டிஸ்கிரிப்டர் ஹார்டுவேர் கையில், 0 என்றால் நம் கையில். இந்தச் சிப்பின் பிராசசரான கார்டெக்ஸ் ஏ9ல் கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 32 பைட் என்பதால் ஒரு லைனில் இரண்டு டிஸ்கிரிப்டர்கள் உட்கார்ந்துவிடும். கேஷ் உள்ள மெமரியில் வைத்து ஒன்றை க்ளீன் செய்தால் (கேஷில் உள்ளதை மெமரிக்குத் திருப்பி எழுதினால்), பக்கத்து டிஸ்கிரிப்டரில் ஹார்டுவேர் அப்போதுதான் அழித்த ஓன் பிட் பழையபடி 1 ஆகித் திரும்பிவிடும். ஆகவே டிஸ்கிரிப்டர் பக்கத்துக்குக் கேஷே கிடையாது என்று மேப் செய்தேன். கடைசி டிஸ்கிரிப்டரில் தொடங்கி முதலாவதை நோக்கி நிரப்பி, முதலாவதின் ஓன் பிட்டைக் கடைசியில் வைக்கிறேன்.

இவ்வளவு செய்தும் எப்போதாவது ஒருமுறை டிஎம்ஏ நின்றுவிடும். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பிட் 4, அதாவது 'டிஸ்கிரிப்டர் கிடைக்கவில்லை'. ஆனால் மெமரியைத் திறந்து பார்த்தால் ஓன் பிட் 1 என்று ஜம்மென்று இருக்கும்! குற்றவாளி பிஎல்310, அதாவது இரண்டாம் அடுக்கான எல்2 கேஷின் கன்ட்ரோலர். அதற்குள் ஒரு ஸ்டோர் பஃபர் இருக்கிறது. கேஷ் இல்லாத மெமரிக்குப் போகும் எழுத்தும் அங்கே கொஞ்ச நேரம் தங்கிப் போகலாம். முந்தைய எழுத்துகள் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் டிஎஸ்பி கட்டளை பிராசசர் பக்கத்துக்குத்தான் பொறுப்பு, இந்த பஃபரைக் காலி செய்யாது. பிஎல்310ல் ஹெக்ஸ் 730 ஆஃப்செட்டில் உள்ள கேஷ் சிங்க் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, அதன் பிறகே டிஎம்ஏவைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்த ஒற்றை வரி சேர்ந்ததோடு பிட் 4 ஒழிந்தது.

டேட்டா பஃபருக்கு வேறு கணக்கு. படிப்பதற்கு முன் கேஷை இன்வாலிடேட் செய்தால் (அதில் இருப்பது செல்லாது என்று ஆக்கினால்) மட்டும் போதாது. டிஎம்ஏ ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் ஊகத்தில் பழைய டேட்டாவை இழுத்து வைத்துவிடும் என்பதால் முடிந்த பிறகும் இன்னொரு முறை செய்ய வேண்டும். அப்போது எல்2 முதலில், பிராசசரை ஒட்டிய முதல் அடுக்கான எல்1 பிறகு. மாற்றிச் செய்தால் எல்2வில் கிடக்கும் பழைய சரக்கு எல்1க்குத் திரும்ப ஏறிவிடும். 32 பைட் எல்லையோடு பொருந்தாத பஃபர் வந்தால் தனி பஃபரில் வாங்கிக் காப்பி செய்கிறேன். அதில் வேகம் பார்க்கவில்லை.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கடையில் 32 ஜிபி என்று வாங்கிவந்த கார்டு, 8 ஜிபியைத் தாண்டினால் குப்பையைத் தந்தது. அதை வைத்து டிரைவரைச் சோதித்தால் பாவம் டிஎம்ஏ மேல் பழி விழும். புதுக் கார்டு எதுவானாலும் முதலில் பிசியில் கார்டின் உண்மையான அளவைச் சோதிக்கும் எஃப்3 நிரலை ஓட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் வேலூர் மாடி அறையில் போர்டு வைத்திருப்பவர்கள் ஹீட்சிங்க் மேல் ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள்.

அடுத்தது ஈதர்நெட். இதே சிப்பின் ஈதர்நெட் கன்ட்ரோலரான ஈமேக்கும் டிசைன்வேர்தான், அதிலும் உள் டிஎம்ஏ, அதே பிட் 31 ஓன். டிஸ்கிரிப்டர் கோடில் பாதியை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று கை பரபரக்கிறது. ஏசிபி (பிராசசரின் கேஷோடு ஒத்துப்போகும் வழி) வழியாகப் போய்க் கேஷ் வேலையையே தவிர்க்க முடியுமா என்றும் பார்க்க ஆசை.

ஆனால் எழுதும் பாதை இன்னும் பாக்கி. அங்கே டிஎம்ஏ முடிந்தது என்ற இன்டரப்ட் வந்தாலும், டேட்டா ஃபிஃபோவரை போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். கார்டு உள்ளே எழுதி முடிக்கும்வரை டேட்டா 0 லைனைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும். டேட்டா டிரான்ஸ்ஃபர் ஓவர் இன்டரப்டையும் அந்த லைன் விடுபடுவதையும் சேர்த்துப் பார்த்த பிறகே பஃபரைத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறேன். லாஜிக் அனலைசரை அந்த லைனில் மாட்டியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கிறேன்.