கடற்கரை மணலும் ஓர் அபாயக் கணக்கும்

கடற்கரைப் படிவுகளின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் ஆய்வகத்தில் பணிபுரியும் எனக்கு, அளப்பதைவிட அளந்ததை எழுதுவதே கடினம் என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வலுத்துவருகிறது.

அளப்பதற்குப் பொறுமை போதும். உலர்த்திச் சலித்த மணலைக் காற்றுப் புகாத டப்பாவில் ஏறத்தாழ நான்கு வாரம் அடைத்துவைக்கிறோம். ரேடியம்-226 சிதைந்து பிறக்கும், 3.8 நாள் அரை ஆயுள் கொண்ட ரேடான் வாயு வெளியேறாமல் அந்த ரேடியத்துடன் சமநிலைக்கு வந்த பிறகே மாதிரி, காமாக் கதிர்களை அளக்கும் ஜெர்மானியம் உணர்கருவிக்குப் போகும்.

சிக்கல் கரையிலேயே தொடங்கிவிடுகிறது. தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சுமக்கும் மோனசைட் கனிமத்தின் அடர்த்தி, சாதாரண மணலான குவார்ட்ஸைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், இலேசான மணலை அலை வாரிச் செல்ல, மோனசைட்டும், அதைப் போலவே கனமான இல்மனைட், சிர்க்கான் கனிமங்களும் கருமணல் பட்டைகளாகத் தங்கிவிடுகின்றன. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் பிரேசிலின் குவாராபரியிலும் நடந்திருப்பது இதுதான். பட்டையின் மேல் எடுத்த மாதிரியும் சில அடி தள்ளி எடுத்ததும் பல மடங்கு வேறுபடக்கூடும். பருவம் மாறினால் அதே இடம் வேறு எண்ணைக் காட்டும். ஒரு கடற்கரைக்கு ஒரே சராசரி தரும்படி கேட்டால் எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

பிறகு வருவது, ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றின் கதிரியக்கத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் ரேடியச் சமான அளவு. தோரியத்தை 1.43ஆலும் பொட்டாசியத்தை 0.077ஆலும் பெருக்கி, ரேடியத்தோடு கூட்டி, கிலோவுக்கு 370 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) என்ற வரம்புடன் ஒப்பிடுகிறோம். அந்த வரம்பு கட்டுமானப் பொருள்களுக்காக, சுவர்களுக்குள் வாழ்பவரைக் கருதி வகுக்கப்பட்டது. மணல் வீடு கட்டப் போகுமானால் ஒப்பீடு சரியே. கரையில் சிறிது நேரம் நடப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வாழ்நாள் புற்றுநோய் அபாயக் கணக்கு. ஓர் ஆண்டில் உடல் பெறும் கதிர்வீச்சின் அளவான கதிரேற்பை 70 ஆண்டாலும், அதன் அலகான சீவர்ட்டுக்கு 0.05 என்ற அபாயக் காரணியாலும் பெருக்கினால் விடை வந்துவிடும். மனிதர் தம் நேரத்தில் 20 சதவீதத்தை வெளியில் கழிக்கிறார் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது: கரையிலேயே உழைப்பவருக்கு அது குறைவு, எப்போதாவது வருபவருக்கு மிக அதிகம். காரணியோ, பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் ஒரே கணத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானோரின் தரவிலிருந்து பிறந்தது. அதைப் பரிந்துரைத்த பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையமே, திரளான மக்கள் பெறும் மிகச் சிறிய கதிரேற்புகளைக் கூட்டிப் புற்றுநோய் இறப்புகளை எண்ண வேண்டாம் என்று 2007இல் கூறியது.

கேரளத்தில் இத்தகைய மணல் நிறைந்த கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, 2009இல் வெளியான ஆய்வு, நிலத்திலிருந்து வரும் காமாக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. இதைப் பாதுகாப்புச் சான்றிதழாக நீட்டுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. மிகச் சிறிய கூடுதல் இருந்தால் இவ்வளவு பேரைத் தொடர்ந்தும் அது கண்ணில் படாமல் போகலாம். கனிமம் பிரிக்கும் ஆலையில் மோனசைட் தூசியைச் சுவாசிப்பவரின் கதை முற்றிலும் வேறு; உடலுக்குள் செல்லும் அந்தக் கதிரேற்பு நம் காமாச் சூத்திரத்தில் இல்லவே இல்லை.

ஆகவே, இளையவர்கள் கொண்டுவரும் அறிக்கை வரைவில் "பத்தாயிரத்தில் இத்தனை பேர்" என்ற வரியை அடித்துவிட்டு, மாதிரி எந்தப் பட்டையில், எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது, யார் எத்தனை மணி நேரம் அங்கிருப்பதாகக் கொண்டோம் என்பதை அவ்விடத்தில் எழுதச் சொல்கிறேன்.